கண்ட நூலும் கேட்ட நூலும்

ஆய்விதழ் ஒன்றுக்கு வரும் கட்டுரைகளைச் செப்பம் பார்த்துக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஒற்றுப் போடுவதும் எடுப்பதும்தான் அதில் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கு அடிக்குறிப்புகளோடு மல்லுக்கட்டுவது. ஒருமுறை சங்ககால வணிகம் பற்றி வந்த கட்டுரையில், பழைய வரலாற்று நூலொன்றிலிருந்து நான்கு வரி மேற்கோள் இருந்தது. கீழே ‘ப. 214’ என்ற குறிப்பு. மேற்கோளின் மூன்றாவது வாக்கியம் வினைமுற்று இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. ஏதோ ஒரு சொல் விழுந்திருக்கிறது என்று நூலகத்தில் அந்த நூலை எடுத்துப் பார்த்தேன். நூல் 188ஆம் பக்கத்தோடு முடிந்துவிட்டது. வேறு பதிப்போ என்று இன்னொரு படியையும் தேடி எடுத்தேன். அதிலும் 214 இல்லை. கடைசியில் முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே வந்தபோது வரிகள் அகப்பட்டன, காணாமல்போன வினைமுற்றோடு, 124ஆம் பக்கத்தில்.

கட்டுரை எழுதியவரைத் தொலைபேசியில் கேட்டேன். “எங்க நெறியாளரோட புத்தகத்துல அப்படித்தான் சார் இருக்கு” என்றார். உண்மைதான். நெறியாளரின் புத்தகத்திலும் வினைமுற்று இல்லை, எண்ணும் 214. அவருக்கு முன்பு வந்த ஓர் ஆய்வேட்டிலும் அதே நான்கு வரி, அதே ஓட்டை, அதே எண். மூன்று பேர், ஒரே பிழை. மூவரும் தனித்தனியே நூலைத் திறந்து, ஒரே சொல்லைத் தவறவிட்டு, ஒரே எண்ணைப் புரட்டி எழுதியிருக்க வாய்ப்பில்லை. குறைந்தது இருவராவது அந்த வரிகளை மூல நூலிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் மூன்று அடிக்குறிப்பும் எடுத்ததாகவே சொல்கின்றன.

இந்தத் துப்பறியும் வழியை எண்ணிக்கையோடு செய்து பார்த்தவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சிம்கின், ராய்சவுத்ரி என்ற இருவர் 2003இல், இயற்பியலில் பெயர்பெற்ற ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். காஸ்டர்லிட்ஸும் தௌலஸும் 1973இல் எழுதியது அது. அந்த வேலைக்காக 2016இல் இருவருக்கும் நோபல் பரிசே கிடைத்தது. சிம்கினும் ராய்சவுத்ரியும் பார்த்த தரவில் அக்கட்டுரை 4,301 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. 196 இடங்களில் தொகுதி எண்ணோ, பக்க எண்ணோ, ஆண்டோ பிழை. அந்த 196 பிழையும் 196 விதமாக இல்லை. வெவ்வேறு பிழைகள் 45தான். ஒரே ஒரு பக்க எண் பிழை மட்டும் 78 இடங்களில் அச்சு மாறாமல் வந்திருந்தது. ஒருவர் தட்டச்சில் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் அதே இடத்தில் வரிசையாக விழுந்திருக்கிறார்கள். இதைக் கொண்டு அவர்கள் போட்ட கணக்கு, மேற்கோள் காட்டுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படிக்கிறார் என்பது. இந்த விகிதத்தை நான் அப்படியே நம்பிவிட மாட்டேன். மூலத்தை முழுக்கப் படித்துவிட்டு, விவரக் குறிப்பை மட்டும் சோம்பலில் பக்கத்து வீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிழை கைரேகைபோல் வழிகாட்டும் என்ற அவர்களுடைய அடிப்படை மிகச் சரியானது.

தமிழ் ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு ஏடுகளில் ஒரே அடி விடுபட்டிருந்தால், ஒரே இடத்தில் ஒரே பொருந்தாத பாடம் இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று பதிப்பாசிரியர்கள் முடிவு செய்வார்கள். அதற்குப் பிறகு அவற்றை இரண்டு சாட்சியாக எண்ணுவதில்லை, ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். என் முன்னால் இருந்த மூன்று அடிக்குறிப்புகளும் மூன்று சாட்சி போலத் தோற்றம் காட்டிய ஒரே சாட்சி. அந்தச் சாட்சியும் கொஞ்சம் கண் மங்கியவர்.

மேற்கோள் காட்டும் முறை என்றாலே நம் பல்கலைக்கழகங்களில் காற்புள்ளி எங்கே, முக்காற்புள்ளி எங்கே, நூற்பெயர் சாய்வெழுத்தா தடித்த எழுத்தா என்ற பேச்சாகத்தான் இருக்கிறது. பயிலரங்குகளில் அரைநாள் இதற்கே போய்விடும். அவை தேவைதான். ஆனால் அவை சீராக இருப்பது குறிப்பு உண்மை என்பதற்குச் சான்றாகாது. அடிக்குறிப்பு என்பது ஒரு வாக்குமூலம்: இந்த நூலை, இந்தப் பதிப்பில், இந்தப் பக்கத்தில் நான் பார்த்தேன். பார்க்காமல் இன்னொருவர் சொல்லக் கேட்டிருந்தால், கேட்டேன் என்று எழுதுவதற்கும் வழி இருக்கிறது. மூல நூலின் பெயரை எழுதி, ‘மேற்கோள்: இன்னார், இன்ன நூல், இன்ன பக்கம்’ என்று சேர்த்தால் போதும். அப்படி எழுதினால் தம்மைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது. வாய்மொழித் தேர்வில் ‘ஏன் மூலத்தைப் பார்க்கவில்லை’ என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயமும் உண்டு.

கேட்டதைக் கண்டதாக எழுதுவதன் விளைவுக்குப் பசலைக்கீரைக் கதையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பசலைக்கீரையில் இரும்புச்சத்து ஏராளம் என்ற நம்பிக்கை, பழைய வேதியியல் அட்டவணை ஒன்றில் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்ததால் வந்தது என்பார்கள். பத்து மடங்கு மிகையாம். 1981இல் டி. ஜே. ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் இதை எழுதினார். எடுத்த இடம் எதுவென்று அவர் சொல்லவில்லை. அதன் பிறகு, மூலத்தைச் சரிபாருங்கள் என்று மாணவர்களுக்குப் புத்தி சொல்கிற கட்டுரைகள் எல்லாம் இந்தத் தசமப் புள்ளியை எடுத்துக்காட்டின. 2010இல் மைக் சட்டன் என்பவர் உட்கார்ந்து தேடினார். அப்படியொரு புள்ளி தவறியதற்குச் சான்றே அகப்படவில்லை. கீரையின் இரும்பு பற்றிய மிகைக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். தசமப் புள்ளிதான் குற்றவாளி என்பது கதை. 2014இல் நார்வே ஆய்வாளர் ரெக்டால் இந்தக் கதை எப்படிக் கட்டுரைக்குக் கட்டுரை தாவியது என்பதையே தனிக் கட்டுரையாக எழுதினார். சரிபார்க்கச் சொன்னவர்களே சரிபார்க்கவில்லை.

நம் மேடைகளிலும் ஒரு பசலைக்கீரை இருக்கிறது. தமிழின் தொன்மையைப் பேச வேண்டுமென்றால் கல்லும் மண்ணும் வாளும் வரும் ஒரு வெண்பாவின் பின்பாதி தவறாமல் வந்துவிடும். புறநானூறு என்று சொல்லி முழங்கியவர்களைக் கேட்டிருக்கிறேன். தொல்காப்பியம் என்றவர்களும் உண்டு. அது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில், ‘குடிநிலை’ என்ற துறைக்கு எடுத்துக்காட்டாக வருவது. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கும் மறவர் குடியின் பழமையைப் புகழ்கிற பாட்டு. தமிழ் என்ற சொல்லே அதில் இல்லை. அதைத் தமிழினத்துக்கு ஏற்றிச் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. அப்படிப் பொருள் விரித்துக்கொள்வது இலக்கியத்தில் நடப்பதுதான். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அந்த அடியைச் சான்றாகப் போடுகிறவர் துறையையும் படலத்தையும் சேர்த்து எழுதினாலே, தாம் விரிப்பது எவ்வளவு தூரம் என்று அவருக்கே தெரிந்துவிடும். இடம் சுட்டாத மேற்கோள் வசதியானது. எங்கு வேண்டுமானாலும் உட்காரும்.

பெயர் சொல்லாமல் எடுத்தாள்வது நம் மரபுதானே என்று சிலர் வாதாடுவார்கள். தொல்காப்பியர் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ என்று போய்விடவில்லையா? யார் அந்தப் புலவர் என்று சொன்னாரா? சொல்லவில்லை. ஆனால் இது தன் கூற்றல்ல, முன்னோர் கூற்று என்ற ஒரு கோட்டை அவர் ஒவ்வொரு முறையும் கிழித்துவிட்டே போகிறார். எது என்னுடையது, எது பிறருடையது என்ற பிரிவினை அங்கே இருக்கிறது, முகவரிதான் இல்லை. உரையாசிரியர்கள் காலத்தில் எடுத்துக்காட்டு பெருகியது. நச்சினார்க்கினியர் பல இடங்களில் ஓர் அடியை எடுத்து வைத்து ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிடுவார். அவர் முன்னால் அமர்ந்து பாடம் கேட்டவர்களுக்கு அந்த அடிகள் மனப்பாடம். அடியைச் சொன்னாலே போதும், நூல் நினைவுக்கு வந்துவிடும். அந்த அவையில் பக்க எண் எதற்கு?

அவை கலைந்த பிறகுதான் வலி தெரிந்தது. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, நச்சினார்க்கினியர் உரையில் வந்த மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று சொல்ல ஆளில்லை. அந்தத் திண்டாட்டத்தை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். பெயரே கேள்விப்படாத நூல்களின் ஏடுகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்து, அவற்றைப் படிக்கப் படிக்கத்தான், உரையில் அநாதையாக நின்ற அடிகள் தத்தம் வீடுகளைக் காட்டத் தொடங்கின. சிந்தாமணி 1887இல் அச்சேறியது; பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. ஒரு வகையில், முகவரி இல்லாத மேற்கோள்களுக்கு முகவரி தேடிய அலைச்சலும் அந்தப் பதிப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டவர் ஆகையால் அவர் தம் பதிப்புகளில் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஏடு எங்கிருந்து கிடைத்தது, யார் கொடுத்தார், எந்த ஏட்டில் என்ன குறை என்று முகவுரையிலேயே எழுதினார். உரையில் எடுத்தாளப்பட்ட நூல்களுக்கு அகராதியும் சேர்த்தார். இன்றைய ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலை அந்த முகவுரைகளோடு ஒப்பிட்டால் யார் நவீனர் என்ற சந்தேகம் வரும்.

பெயரை எழுதி வைத்ததால் என்ன நடந்தது என்பதற்குப் புறத்திரட்டு இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு அளவில் யாரோ ஒருவர் பல நூல்களிலிருந்து பாடல்களைப் பொறுக்கித் தொகுத்து, எந்த நூலிலிருந்து எடுத்தது என்ற குறிப்பையும் வைத்தார். பிற்பாடு அந்த நூல்களில் பல அழிந்தன. வளையாபதி, குண்டலகேசிப் பாடல்களில் பெரும்பகுதி இந்தத் திரட்டால் நமக்கு மிஞ்சியது. முத்தொள்ளாயிரத்தில் நாம் படிக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்களும் பெரும்பாலும் இதிலிருந்து கிடைத்தவையே. தொகுத்தவர் நூற்பெயரை எழுதினார், ஆசிரியர் பெயரை எழுதவில்லை. அதனால் முத்தொள்ளாயிரம் என்ற பெயர் தெரியும். பாடியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. ஒரு குறிப்பில் எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பது எவ்வளவு தூரம் போகும் பாருங்கள். மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு புத்தகமே எழுத முடிந்தது, பழைய உரைகள் அங்கங்கே நூற்பெயர் சொல்லி வைத்ததால்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். தமிழில் குறிப்பு எழுதும்போது, ஆங்கிலக் கையேடுகள் சொல்லித் தராத சில பள்ளங்கள் உண்டு.

முதல் பள்ளம் பதிப்பு. புறநானூற்றுக்குப் பாட்டெண், குறளுக்குக் குறள் எண் கொடுத்தால் போதும்; எந்தப் பதிப்பை எடுத்தாலும் இடம் கிடைத்துவிடும். தொல்காப்பியத்துக்கு இது பலிக்காது. இளம்பூரணர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை நச்சினார்க்கினியர் இரண்டாகப் பிரித்திருப்பார். மற்றோரிடத்தில் மறுதலையாக இருக்கும். எண் நழுவிக்கொண்டே போகும். ‘தொல். பொருள்.’ என்று சுருக்கி ஓர் எண்ணைப் போட்டால், எந்த உரையின் எண் என்று சொல்லாதவரை அது பாதி முகவரிதான். தற்கால நூல்களில் தொல்லை வேறு மாதிரி. நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களை ஐந்தாறு பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. புதிதாக எழுத்துக் கோத்து, அட்டை மாற்றி, உள்ளே ‘முதற் பதிப்பு’ என்று அச்சடிக்கிறார்கள். ஆய்வாளர் அதை நம்பி ‘வையாபுரிப்பிள்ளை (2012)’ என்று எழுதுகிறார். வையாபுரிப்பிள்ளை 1956இல் காலமானார். அவருக்கும் 1980களில் எழுதிய ஒருவருக்கும் கருத்து வேறுபாடு என்று விவாதித்து, பிந்தியவர் முந்தியவரை மறுக்கிறார் என்று முடித்த கட்டுரை ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன்; ஆண்டுகளை மட்டும் பார்த்து, யார் யாரை மறுப்பது என்பதையே அதில் தலைகீழாக்கியிருந்தார்கள். முதலில் வெளிவந்த ஆண்டையும் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டையும் சேர்த்தே எழுதுவது ஒன்றுதான் இதற்கு மருந்து.

அடுத்தது பெயர். குடும்பப் பெயரை முன்னால் போடு என்கிறது மேலைக் கையேடு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். கடவுச்சீட்டில் தந்தை பெயர் கடைசிப் பெயராக ஏறிவிட, வெளிநாட்டு ஆய்விதழ்களில் மகள் எழுதிய கட்டுரை அப்பா பெயரில் மேற்கோள் காட்டப்படுகிறது. வயலைத் தவிர வேறெதையும் அறியாத தகப்பன்மார் சிலர் இப்படி அறிவியலாளர்கள் ஆகியிருக்கிறார்கள். தமிழ்ப் பட்டியலுக்குள்ளேயே ‘எஸ். வையாபுரிப்பிள்ளை’ ஓரிடத்திலும் ‘ச. வையாபுரிப்பிள்ளை’ இன்னோரிடத்திலுமாக ஒருவர் இருவராகப் பிரிந்து நிற்பார். நூலின் முகப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, இயற்பெயரைக் கொண்டு அகரவரிசைப்படுத்துவது நம் நூலகங்களின் பழைய வழக்கம். அதையே பிடித்துக்கொள்ளலாம்.

‘மேலது’ என்ற சொல்லை நான் இப்போது கண்டாலே அடித்துவிடுகிறேன். கையால் எழுதிய காலத்தில் அது நல்ல சொல். கணினியில் ஆய்வேட்டைத் திருத்தும்போது, 41ஆம் குறிப்புக்கும் 42ஆம் குறிப்புக்கும் நடுவே புதிதாக ஒன்றைச் செருகுவார்கள். எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும்; ‘மேலது’ மட்டும் மாறாமல், புதிதாக வந்த நூலைக் காட்டிக்கொண்டு அசட்டையாக நிற்கும். ஆசிரியர் பெயரையும் நூற்பெயரின் சுருக்கத்தையும் மறுபடி எழுதினால் ஒரு வரி கூடும், பரவாயில்லை.

இணையத்தில் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு சின்னப் பொய் சொல்கிறார்கள். சங்க இலக்கியத்தை மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பில் படித்து, அங்கிருந்தே வரிகளை வெட்டி ஒட்டி, துணைநூற்பட்டியலில் கௌரவமான ஓர் அச்சுப் பதிப்பின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். மின்பதிப்பைப் பார்த்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன்னார்வலர்கள் 1998 முதல் செய்துவரும் பெரிய காரியம் அது. ஆனால் இரண்டிலும் பாடம் வேறுபட்டால், அச்சுப் பதிப்பைத் திறந்து பார்க்கிற வாசகன் ஆய்வாளர் வரியைத் திரித்துவிட்டார் என்றே நினைப்பான்.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளில் ஒப்புமை அளவு சதவீதமாக வகுக்கப்பட்டிருக்கிறது. 10 வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை திருத்தி மறுபடி தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. உரியவரைச் சுட்டிய மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேராது என்றும் விதி சொல்கிறது. நல்லதுதான். ஆனால் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆய்வேடுகளை, ஒப்புமையை அளக்கும் மென்பொருள் தமிழாகவே படிப்பதில்லை. திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். ஒருங்குறியில் உள்ள மூலத்தை வரிக்கு வரி பெயர்த்து எழுதினாலும் ஒப்புமை பூச்சியமாக வந்து நிற்கும். அதைவிட முக்கியமாக, 214 என்ற என் பழைய நண்பனை எந்த மென்பொருளும் பிடிக்காது. அது திருடுவதை அளக்கும், பார்த்ததாகப் பொய் சொல்வதை அளக்காது.

இப்போது கருவிகளே குறிப்பு எழுதித் தருகின்றன. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார்கள். ஆறு தீர்ப்புகள் உலகிலேயே இல்லாதவை. நீதிபதி கெவின் காஸ்டெல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். வழக்கின் பெயர், தொகுதி எண், பக்கம் எல்லாம் வடிவத்தில் அச்சாக இருந்தன. வடிவத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டுப் பழகிய எந்தப் பயிலரங்கிலும் அந்த ஆறும் தேறியிருக்கும்.

கண்டதும் கேட்டதும் வேறு என்று தமிழில் மிகத் தெளிவாக எழுதி வைத்தவர் அடியார்க்கு நல்லார் என்று எனக்குத் தோன்றுகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதப் புகும் இடத்தில், இசைக்கும் நாடகத்துக்கும் ஆதாரமான நூல்களை அவர் கூறுபோடுகிறார். முதலில் அழிந்துபோனவை. அடுத்து முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம். இவற்றில் சில சூத்திரங்கள் மட்டும் வழக்கில் உலவுகின்றன, முதலும் நடுவும் முடிவும் காணக் கிடைக்கவில்லை, ஆகவே இவையும் போனவற்றோடுதான் என்கிறார். நாலு சூத்திரம் காதில் விழுந்ததைக் கொண்டு நூலைக் கண்டதாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மூன்றாவதாக, தாம் துணையாகக் கொண்ட ஐந்தைப் பெயர் சொல்லி அடுக்குகிறார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல். ஒவ்வொன்றையும் செய்தவர் யார் என்ற குறிப்பையும் விடவில்லை. பஞ்சமரபு அறிவனார் செய்தது.

அந்தப் பஞ்சமரபும் பின்னாளில் காணாமல்போன நூல்களின் பட்டியலில் சேர்ந்தது. நூற்றாண்டுகளாக அடியார்க்கு நல்லாரின் சொல் ஒன்றுதான் அதற்குச் சாட்சி. 1970களில் வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் ஒரு பழஞ்சுவடியிலிருந்து அதைப் பதிப்பித்தார். சிலப்பதிகார உரையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உரையில் எடுத்துக்காட்டாக வந்த வெண்பாக்கள் அதற்குள் இருந்தன.